எங்கள் வீட்டுப் பியரில் அரைவாசி வசந்திக்கு

போன வாரம் பக்கத்து வீட்டுச் சிவநேசன் ஒரு பெரிய போத்தல் பாலோடு வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டுப் பிரிட்ஜ் பழுதாம். விடிந்ததும் நயினாதீவுக்குப் போக வேண்டும். அம்மனுக்கு அபிஷேகப் பால்.

"அண்ணை, விடியும் மட்டும் உங்கட பிரிட்ஜில வைக்கலாமோ?"

"அதுக்கென்ன, கொண்டுபோய் வையும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கீழ்த் தட்டு ஞாபகம் வந்தது. அதற்குள் மனிதர் குசினிக்குள் போய்ப் பிரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டார்.

கீழ்த் தட்டு முழுக்கப் போத்தல்கள், தகரப் பேணிகள். ஒன்றில் திமிங்கிலப் படம், ஒன்றில் தொப்பி போட்ட ஆடு. எல்லாம் பியர்.

சிவநேசன் கையில் இருந்த பாலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார். "அண்ணை... இவ்வளவும் நீங்களோ குடிக்கிறது?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னால் இருந்து என் மனைவி வசந்தியின் குரல் வந்தது.

"இல்லைத் தம்பி. அரைவாசி நான்."

வசந்தி படகில் நயினாதீவுக்குப் போய்க் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். சிவநேசனின் பிள்ளைகள் பின்னேரங்களில் அவளிடம்தான் கணக்குக் கேட்க வருகிறவர்கள். மனிதர் பால் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பரவாயில்லை ரீச்சர்... அக்கா வீட்டில வைக்கிறன்" என்றார். போய்விட்டார்.

நடந்த கதை என்னவென்று அவருக்குச் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

கொரோனா எங்கள் வீட்டுக்கும் வந்து போனது. நான் இருமினேன், எழும்பினேன். வசந்தியும் எழும்பினாள். ஆனால் அவளுக்கு மணம் போய்விட்டது. ஒரு கிழமையில் வரும் என்றார்கள். மாதத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. மூக்கு இருந்த இடத்தில் இருந்தது... வேலையை மட்டும் விட்டுவிட்டது.

கண் போனால் ஊர் திரண்டு வந்து அழும். மணம் போனால் யார் அழுவார்கள்? "நல்லதுதானே ரீச்சர், கருவாட்டு மணத்தில இருந்து தப்பியிட்டீங்கள்" என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நானும் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன் — ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வரும்வரை. வாசல் படலையிலேயே கரி மணம். ஓடிப்போனேன். அடுப்பில் பருப்புச் சட்டி கருகி, குசினி முழுக்கப் புகை. அடுத்த அறையில் வசந்தி, குசினிக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அமைதியாக.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எழும்பி ஓடினாள்.

அன்று பின்னேரம் சட்டியைத் தேய்த்தபடி சொன்னாள். "நான் இந்த வீட்டில இருக்கிறன்தான். ஆனா இல்லாத மாதிரிக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் படகில போறன்... கடலை ரீவியில பார்க்கிற மாதிரி இருக்கு."

சட்டியை வாங்கி நான் தேய்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரம்மாவிடம் போனோம். மூக்குக்குத் திரும்பப் படிப்பிக்க வேண்டும் என்றார். கராம்பு, தேசிக்காய், ரோசாப்பூ, யூகலிப்டஸ் தைலம் — நாலையும் காலையும் மாலையும் மணந்து பார்க்க வேண்டும். வசந்தி கணித ரீச்சர் அல்லவா? ஒரு நாளும் தவறாமல் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தக் குட்டிப் போத்தல்களை அலுமாரிக்குள் தள்ளினாள்.

"வெறுங்காத்தை மணந்துகொண்டிருக்க நான் என்ன விசரியோ?"

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பி மெல்பேர்னில் இருந்து வந்தான். எனக்கு ஒரு பெட்டி கிராஃப்ட் பியர் கொண்டுவந்தான். பெரிய கொம்பனிகள் ஆறாக ஓடவிடுகிற பியர் இல்லை. சின்னச் சின்ன இடங்களில், ஒவ்வொருவர் தங்கள் ருசிக்குக் கொஞ்சமாக வடிக்கிற பியர். எனக்கு அதுவரை பியரில் ஒரே ஒரு வகைதான் தெரியும் — குளிரான பியர்.

எங்கள் ஊர் கரம்பொன், அதுவும் தீவுதான். வீட்டின் பின்பக்கம் கடல் நீர் வந்து தேங்கி நிற்கும். சனிக்கிழமை பின்னேரம் அதைப் பார்க்க இரண்டு கதிரை போட்டுக்கொள்வோம். வெயில் இறங்க இறங்கத் தண்ணீர் செம்பு நிறமாகும். பிறகு சாம்பல் நிறம். பிறகு, எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாது. ஒற்றைக் கொக்கு ஒன்று இரண்டுக்கும் நடுவில் நிற்பதுபோல நிற்கும்.

அப்படி ஒரு பின்னேரம் பெட்டியில் இருந்து ஒன்றைத் திறந்தேன். கோதுமைப் பியர். வசந்தி என் கையில் இருந்த கிளாஸை வாங்கி, பழக்கதோஷத்தில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு திருப்பித் தந்து கேட்டாள்.

"என்ன மணக்குது?"

"நல்லா மணக்குது."

"அது ஒரு மறுமொழியே? எப்பிடி நல்லா?"

நான் மணந்து பார்த்தேன். இன்னொரு தடவை மணந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் — வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பியரை மணந்து பார்த்தேன்.

"வாழைப்பழம்... இதரை வாழைப்பழம். நல்லாப் பழுத்துத் தோல் கறுத்தது. அதுக்குப் பின்னால கராம்பு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கராம்பு முழுசோ, தூளோ?"

"முழுசு. பல்லில கடிச்ச உடனை ஒண்டு எழும்புமே... அது."

காற்று பனை ஓலைகளைத் தட்டிவிட்டுப் போனது. பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"தெரியிற மாதிரிக் கிடக்கு. மூக்கில இல்லை. எங்கையோ உள்ளுக்கை."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். நான் திறப்பேன், மணப்பேன், சொல்லுவேன். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். தம்பியின் பெட்டி முடிந்தது. பிறகு கொழும்பில் ஒரு கூட்டாளி புதிதாக வாங்கி யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடுவான். நான் மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலத்தால் போய் எடுத்து வருவேன். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னால் பைக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று கதைக்கும். நான் வரும் வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டு வருவேன்.

ஏனென்றால் ரீச்சர் விடமாட்டாள். ஐபிஏ என்ற கசப்புப் பியரின் பேணியில் 'மாம்பழ வாசம்' என்று எழுதியிருந்தது. அப்படியே வாசித்தேன்.

"பேணியை வாசிக்க எனக்கும் தெரியும். நீங்கள் சொல்லுங்கோ."

"மாம்பழம் இல்லை... மாங்காய். காம்பை முறிச்ச உடனை—"

"பால் வடியுமே, அந்த இடமோ?"

"ஓம். அதேதான்."

அவள் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பால் பட்டுவிட்டதைப்போல.

ஒரு நாள் புளிப்புப் பியர் வந்தது. உப்புப் போட்டு வடிப்பார்களாம். எனக்கே நம்பிக்கையில்லை. அன்றுவரை வசந்தி ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "கசப்பு. குளிர். அவ்வளவுதான்" என்று கிளாஸைத் தந்துவிடுவாள். அன்றைக்கு ஒரு மிடறு குடித்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது எனக்குத் தெரியுது!"

உப்பும் புளியும் நாக்கின் இலாகா. அதற்கு மூக்கின் கையெழுத்து வேண்டாம். அவள் கிளாஸைத் திருப்பித் தரவில்லை. நான் தண்ணீர் குடித்தேன். அன்றிலிருந்து எங்கள் பிரிட்ஜில் எது தீர்ந்தாலும் புளிப்புப் பியர் தீர்வதில்லை.

பிறகு அந்தக் கறுப்புப் பியரின் நாள். கோப்பி போட்ட ஸ்டவுட். மாரி மழை விட்டிருந்த பின்னேரம். நான் கிளாஸில் வார்த்து, வழக்கம்போல முதலில் அவளிடம் நீட்டினேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவள், கிளாஸைத் தட்டிவிடப் பார்த்தாள்.

"சீ! என்ன இது? ரப்பர் எரிக்கிற நாத்தம்!"

நான் வாங்கி மணந்தேன். அருமையான கோப்பி. கொஞ்சம் சொக்லேட். "ரப்பர் ஒண்டும் இல்லையே..."

நிறுத்தினேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"வசந்தி... உமக்கு மணக்குதோ?"

"மணக்கேல்லை. நாறுது!"

"நாறுதோ!" என்று கத்தினேன். கொக்கு எழும்பிப் பறந்துவிட்டது.

டொக்டரம்மாவுக்கு அப்போதே போன் எடுத்தேன். நரம்புகள் திரும்ப முளைக்கும்போது வயர் மாறிப் பிடிக்குமாம். நல்ல அறிகுறிதான், பொறுமையாக இருங்கள் என்றார்.

பொறுமையாக இருப்பது லேசா? கோப்பி ரப்பர். வெங்காயம் ரப்பர். குளிக்கிற சவர்க்காரம் ரப்பர். கடைசியில் நானும் ரப்பர்தான். "குறை நினைக்காதேங்கோ... கதிரையைக் கொஞ்சம் அங்கால போடுங்கோ" என்றாள் ஒரு சனிக்கிழமை. போட்டேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரியும். ஆனாலும் அந்த மாலைகளில் இரண்டு கதிரைக்கும் நடுவில் கிடந்த வெறும் மண்ணைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. நான் அங்கிருந்து சொல்லுவேன். அவள் இங்கிருந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள்.

ஒரு நாள் காலை ஊர்காவற்றுறைச் சந்தையில் மீன் வாங்க நின்றேன். போன் அடித்தது. வசந்தி. பின்னால் படகு எஞ்சினின் இரைச்சல்.

"இஞ்சாருங்கோ! டீசல்!"

"என்ன, டீசல் முடிஞ்சுதோ? படகு நிண்டிட்டுதோ?"

"இல்லையப்பா! டீசல் மணக்குது. ரப்பர் இல்லை... டீசல் டீசலாவே மணக்குது!"

நயினாதீவுப் படகில் போனவர்களுக்குத் தெரியும். கடல் கொஞ்சம் எழும்பினால், உள்ளே அந்தப் புகையில் பாதிப்பேர் ஓங்காளித்துச் சத்தி எடுப்பார்கள்.

"பக்கத்தில ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கிறா. நான் இழுத்து இழுத்து மணக்கிறன்... என்னைப் பார்த்துப் பயந்துபோனா" என்று சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. பிறகு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நானும் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், மீன்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அழாதேங்கோ அண்ணை... விலையைக் குறைச்சுப் போடுறன்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வெங்காயம் வந்தது. சவர்க்காரம் வந்தது. கதிரை கிட்ட வந்தது. எல்லாம் வரவில்லை. ரோசாப்பூ இன்னும் வெறுங்காற்றுத்தான். மல்லிகை சில நாள் வரும், சில நாள் வராது. வந்தது போதும் என்கிறாள்.

சரி, என்ன பியர் வாங்கி வைக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு... வெயிலுக்குக் கோதுமைப் பியர். நண்டுக்கறிக்கு ஐபிஏ. மாரிக்குக் கறுப்பு, அது ஒன்றிரண்டு போதும். புளிப்புப் பியர் பற்றி எனக்குச் சொல்ல உரிமையில்லை, அது வசந்தியின் சொத்து. எங்களைப்போலத் தீவில் இருந்தால் வெளியே வைக்க வேண்டாம், உப்புக் காற்று மூடியைத் தின்றுவிடும். போத்தலோடு குடிக்கவும் வேண்டாம். கிளாஸில் வார்த்து, கொஞ்சம் பொறுத்து, முதலில் மணந்து பாருங்கள். அவசரம் என்ன?

போன சனிக்கிழமை அந்த முதல் நாள் திறந்த அதே கோதுமைப் பியர் ஒன்று திறந்தோம். நான் பழக்கத்தில் தொடங்கினேன்.

"இதரை வாழைப்பழம்—"

கிளாஸை வாங்கி அவளே மணந்தாள். நிதானமாக. "இதரை இல்லை. இது கப்பல் வாழைப்பழம்."

"பின்னால கராம்பு—"

"கராம்பும் இல்லை. ஏலக்காய்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை சனிக்கிழமை, எத்தனை சொல்! "அப்ப இவ்வளவு காலமும் நான் சொன்னதெல்லாம் பிழையோ?"

வசந்தி ஒரு மிடறு குடித்தாள். தண்ணீரும் வானமும் ஒன்றாகிக்கொண்டிருந்தன.

"பிழைதான்" என்றாள். "ஆனா அந்த நேரம் எனக்கு அதுதானே மணந்தது."

பிழையான விடைக்கு வசந்தி ரீச்சர் முழுப் புள்ளி போட்டது, நானறிய, இதுதான் முதல் தடவை.