முரியல் போகாத பக்கத்து வீடு

முரியல் ஆஷ்வர்த், கிளேட்டன் வாஸைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது 1954இல். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இங்கிலாந்தின் வடக்கே ஓல்டம் என்ற பஞ்சாலை ஊரில் பிறந்தவள். அப்பா, அக்கா, அவள் மூன்று பேருக்கும் ஒரே ஆலையில்தான் வேலை. கிளேட்டன் அந்தப் பக்கம் இருந்த அமெரிக்க விமானத் தளத்தில் மெக்கானிக். ஒரு சனிக்கிழமை நடனத்தில் பழக்கமாகி, ஆறு மாதத்தில் மோதிரம் போட்டு, ஒஹாயோவில் ஃபேர்லி என்ற தன் சின்ன ஊருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஃபேர்லியில் முதலில் அவளை மயக்கியது அவளுடைய பேச்சுக்குக் கிடைத்த மரியாதைதான். இங்கிலாந்தில் வாயைத் திறந்தால் போதும், எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்பது வரை தெரிந்துவிடும். லண்டனில் ஒரு கடையில் கையுறை விலை கேட்டபோது, கடைக்காரப் பெண் அவள் கேட்ட மாதிரியே சொல்லிக் காட்டிச் சிரித்தது அவளுக்கு மறக்கவே இல்லை. ஃபேர்லியிலோ முட்டை கேட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அரசியைப் பார்த்திருக்கிறாயா, அரண்மனை உள்ளே எப்படி இருக்கும் என்று விசாரித்தார்கள். நான் ஆலைக்காரி என்று ஒரு முறை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவள் சொல்லவில்லை. மாதர் சங்கத்தில் அவளை மேடையேற்றி, சீமாட்டிகளின் தேநீர் விருந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு நாளும் உட்கார்ந்திராத விருந்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்கினாள்.

அதை நம்பாதவள் ஒருத்திதான். பக்கத்து வீட்டு லவோன் ஸ்டக்கி. பெரிய உடம்பு, பெரிய குரல், ஆறு வயதில் ஒரு மகன், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"உன் கையைப் பார்த்தேன். அது அரண்மனைக் கை இல்லையே. எங்க அம்மா முப்பது வருஷம் செருப்பு ஃபேக்டரில இருந்தவ. எனக்குத் தெரியாதா?"

முரியல் நின்றுவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மிஸஸ் ஸ்டக்கி."

"சொல்ல மாட்டேன். ஆனா இனிமே நீ என்னை லவோன்னு கூப்பிடணும். மிஸஸ் ஸ்டக்கின்னா எங்க மாமியார். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு முதுகு தானா நிமிர்ந்துக்குது."

லவோன் பின்கதவைத் தட்டவே மாட்டாள். நேராகச் சமையலறைக்குள் வந்து, காப்பியைத் தானே ஊற்றிக்கொண்டு, உட்காருவதற்கு முன்பே தன் வயிற்றுவலியிலிருந்து புருஷனின் குறட்டை வரைக்கும் கொட்டிவிடுவாள். முரியலின் அம்மா வளர்த்த விதம் வேறு. நம்ம வீட்டு விஷயம் நம்ம வாசற்படியோடு நிற்க வேண்டும், அடுத்தவர் விஷயத்தில் நாமாக மூக்கை நுழைக்கக் கூடாது, அழுகை வந்தால் அடுப்படியில் அழ வேண்டும். அப்படி வளர்ந்தவளுக்கு இந்தப் பெண்பிள்ளை முதலில் ஒரு புயல் மாதிரிதான் தெரிந்தாள். ஆனால் ஒரு நாள் லவோன் வராவிட்டால், பத்து மணிக்கு மேல் வீடே வெறிச்சென்று இருந்தது.

லவோனின் மூத்த மகன் பெயர் ராண்டி. அவன் முதன்முதலில் கை நீட்டி, "நான் ராண்டி" என்று சொன்னபோது முரியலுக்குப் புரையேறிவிட்டது. இங்கிலாந்தில் அந்த வார்த்தைக்குப் பொருள் காமம் தலைக்கேறியவன். லவோனிடம் காதோடு காதாகச் சொன்னாள். லவோன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து முரியல் மட்டும் அவனை ராண்டல் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பதினாலு வருஷம் அப்படியே போயிற்று. இரண்டு வீட்டாரும் ஒன்றாகச் சாப்பிடும்போதெல்லாம் ஏதாவது ஒரு வாக்குவாதம் இருக்கும். "எங்க ஊர்ல டாக்டர்கிட்ட போனா பர்ஸைத் திறக்க வேண்டியதில்ல, எங்க அப்பாவுக்குப் பல்செட்டே சும்மா குடுத்தாங்க" என்று முரியல் சொல்வாள். லவோனின் புருஷன் டேரல், "கம்யூனிஸ்ட் பல்செட்" என்பான். முரியலுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். அவள் பள்ளியில் தினமும் காலையில் நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்வதை முரியலால் ஜீரணிக்க முடியவில்லை. "எங்களுக்கு ராணியே இருக்காங்க, நாங்ககூட தினம் தினம் சத்தியம் பண்றதில்லையே" என்பாள். லவோன் பள்ளிக் குழுத் தேர்தலுக்கு நின்றபோது, தன் படத்தையும் தன் பெருமையையும் தானே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாள்.

"உனக்குக் கூச்சமா இல்லையா லவோன்?"

"நான் நல்லவன்னு நானே சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? நீ சொல்லேன். அதுக்கு முதல்ல நீ பிரஜையாகணும். எங்க ஊர்த் தண்ணியைக் குடிக்கிற, எங்க சோளத்தைத் திங்கிற, ஓட்டு மட்டும் போட மாட்டேங்கிற."

அடுத்த வருஷம் ஆகிறேன் என்பாள் முரியல். ராணியின் மேல் இருக்கும் விசுவாசத்தைக் கைவிடுகிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். அவளுக்கு ராணி மேல் பெரிய பக்தியெல்லாம் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. லவோன் அவள் ஓட்டு இல்லாமலே ஜெயித்தாள்.

1967இல் ராண்டல் வியட்நாம் போருக்குப் போனான். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி, ஸ்டக்கி வீட்டுப் புல்தரையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முரியல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "எங்க நாட்டுக்காரங்க இதுல தலையிடலை. உங்களுக்கு மட்டும் அங்க என்ன வேலைன்னு எனக்குப் புரியவே இல்ல." டேரல் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். லவோன், "விடு, அவனும் ராத்திரியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த மார்ச்சில், காலை பதினொரு மணிக்கு, ராணுவ உடை போட்ட இரண்டு பேர் பக்கத்து வீட்டு முன்கதவைத் தட்டினார்கள். முரியல் அப்போது சன்னலோரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லவோனின் பெரிய குரல் சுவரைத் தாண்டி வந்தது. பிறகு நின்றுபோயிற்று.

முரியல் இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். முன்னறைக்குப் போய், தெருவைப் பார்த்த மூன்று சன்னல்களின் திரைகளையும் இழுத்து மூடினாள். ஓல்டமில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெரு முழுக்க அப்படித்தான் செய்வார்கள். பிணம் எடுக்கும் வரைக்கும் யாரும் திரையைத் திறக்கமாட்டார்கள். உதவிக்கென்று ஒரே ஒருத்தி போவாள், மற்றவர்கள் அழைக்காமல் வாசல் மிதிக்கமாட்டார்கள். அவளுடைய அம்மா செத்தபோது நாற்பது வீடுகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் அவள். அதைவிடப் பெரிய மரியாதை அவளுக்குத் தெரியாது.

ஃபேர்லிக்காரர்கள் வேறு மாதிரி. மத்தியானத்துக்குள் ஸ்டக்கி வீட்டு முன்னால் பத்துப் பன்னிரண்டு கார். சூடான சாப்பாட்டுத் தட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு பெண்கள் உள்ளே போனார்கள். யாரோ துணி துவைத்தார்கள், யாரோ இளையவன் கேரியை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். சரியாகப் பேசிப் பழகாதவர்கள்கூட லவோனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருவிலேயே மூடிக் கிடந்தது முரியல் வீடு ஒன்றுதான்.

சாயங்காலம் கிளேட்டன் வேலையிலிருந்து வந்தான். "என்ன முரியல் இது, ஊரே அங்க இருக்கு. நீ போகலையா?"

"இந்த நேரத்துல போய் முன்னாடி நின்னா அவளுக்கு எப்படி இருக்கும்? என்னைப் பார்த்தா நல்லா இருக்கேன்னு நடிக்கணும் அவ."

"லவோன் என்னிக்கு நடிச்சா? நீ போ. திரையைத் திற, போ."

"காரியம் முடியட்டும்."

உடல் வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று. பதினோரு நாளும் திரை மூடியே இருந்தது. முரியல் ஒரு அட்டை எழுதி அஞ்சல் பெட்டியில் போட்டாள். ஆழ்ந்த அனுதாபம், பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம் என்று. கல்லறையில் கடைசி வரிசையில் நின்றாள். லவோன் கூட்டத்தைத் துழாவிப் பார்த்தாள், முரியல் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தால் இருவருமே உடைந்துபோவோம், அவளை ஊர் முன்னால் அழவிடக் கூடாது என்று நினைத்தாள். அதற்குள் ஜூலை நாலாம் தேதி சொன்ன வார்த்தை மறுபடி ஊருக்குள் நடமாடத் தொடங்கியிருந்தது. போரைப் பிடிக்காததால்தான் அந்தக் குடும்பத்து முகத்திலேயே திரையை இழுத்துவிட்டாள் இங்கிலீஷ்காரி என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

காரியம் முடிந்தது. அவள் தேறட்டும், தேறினால் வழக்கம்போலப் பின்கதவு வழியாக வருவாள் என்று முரியல் காத்திருந்தாள். காப்பி போட்டு வைத்தாள். ஒரு வாரம், ஒரு மாதம். பிறகு போய்ப் பேச நினைத்தாள். ஆனால் இவ்வளவு நாள் போகாமல் இப்போது என்ன சொல்லிக்கொண்டு போவது என்று ஆகிவிட்டது. வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி காயப்போடும்போது தலையசைத்துக்கொண்டார்கள். அதுவும் ஏழு வருஷம். 1975இல் டேரலுக்கு இண்டியானாவில் வேலை கிடைத்தது. சாமான் லாரி கிளம்பியபோது முரியல் வாசலில் நின்று கையை உயர்த்தினாள். லவோனும் காருக்குள்ளிருந்து உயர்த்தினாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, அக்கா ஐரீனைப் பார்க்க முரியல் ஓல்டம் போனாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். அந்த ஆள் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டான். "ஊர்ல எல்லாரும் உன்னை யாங்கி, அமெரிக்காக்காரின்னு சொல்றாங்க" என்று சிரித்தாள் ஐரீன். அந்த வாரம் எதிர்வீட்டுக்காரரின் மனைவி இறந்துபோனாள். முரியல் யோசிக்கவே இல்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். அந்த மனிதர் கதவைப் பாதி திறந்து, "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை, தான் எப்படித் திரும்புவது என்று அவளுக்கும் தெரியவில்லை. தெருவில் நாலைந்து வீட்டில் மட்டும் திரை மூடியிருந்தது. மற்ற வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

வந்து அக்காவிடம் லவோன் கதை முழுவதையும் சொன்னாள். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஐரீன் கேட்டுவிட்டு, "திரை மூடினது சரி. எங்க ஊர் வழக்கம் இதுதான்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?" என்றாள்.

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"இப்ப எத்தனை வருஷம் ஆச்சு?"

"பத்தொன்பது."



ஃபேர்லிக்குத் திரும்பியதும் கிளேட்டனிடம், லவோனின் விலாசத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்றாள். அவன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தான். டெலிபோன் நம்பரும் இருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவன் அவர்களுக்கு வாழ்த்து அட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"நீ கேக்கவே இல்லையே."

போனில் லவோனின் குரல் சிறுத்துப்போயிருந்தது. முரியல் பேச ஆரம்பித்தாள். சாவு வீட்டுத் தெருவில் திரை மூடும் வழக்கம், அம்மா செத்த நாள், நாற்பது வீடு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். லவோன் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியும் முரியல். மறு வருஷமே கிளேட்டன் வந்து சொல்லிட்டான். டேரல்கூட அழுதான், நாம தப்பா நினைச்சுட்டோமேன்னு."

"தெரியுமா? அப்புறம் ஏன்..."

"திரையை எப்பவோ மன்னிச்சாச்சு. அதுக்கப்புறமும் நீ வரலையே. இருபது அடி. நான் பின்கதவைத் தாழ் போடாமத்தான் வச்சிருந்தேன். வந்திருந்தா உன்னை நல்லா நாலு திட்டு திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் காப்பி குடிச்சிருப்போம்."

"நீ வருவேன்னு நான் இருந்தேன், லவோன்."

"எப்பவும் நானேதான் வரணுமா? புள்ளையைப் பறிகுடுத்தவ நான்." பிறகு சொன்னாள். "அவனை ராண்டல்னு கூப்பிட்டது நீயும் அந்த ராணுவக் கடுதாசியும்தான். யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கேக்கணும்போல இருக்கும் எனக்கு. பக்கத்து வீட்லயே ஆள் இருந்துச்சு."

முரியல் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு ராண்டல், ராண்டல் என்று இரண்டு முறை சொன்னாள். லவோன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினார்கள். பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது. ஆனால் பதினாலு வருஷம் தினமும் பேசியவர்களுக்கு வாரம் அரை மணி நேரம் எங்கே பற்றும். லவோனுக்கு ஏற்கெனவே நுரையீரலில் நோய். வந்து பார்க்கிறேன் என்று முரியல் சொன்னபோதெல்லாம், வெயில் காலம் வரட்டும், இந்த மூச்சோடு என்னைப் பார்க்காதே என்றாள். முரியல் அதற்கும் மரியாதை கொடுத்தாள். ஏழாவது மாதம், ஏப்ரலில், கேரி போன் செய்து அம்மா போய்விட்டாள் என்றான்.

அன்றே கிளேட்டன் காரை எடுத்தான். இண்டியானா போய்ச் சேரும்போது வீடு நிறைய ஆட்கள். முரியல் யாரிடமும் கேட்காமல் நேராகச் சமையலறைக்குப் போய், கைப்பட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு, குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினாள். கேரியின் மனைவி ஜோலின் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள். முன்பின் பார்த்தறியாத முகம்.

"நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

"சொந்தம் இல்லம்மா. ஃபேர்லில பக்கத்து வீடு."

ஜோலின் ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். "ஃபேர்லி பத்தி அத்தை நிறையப் பேசுவாங்க. அங்க ஒரு இங்கிலீஷ்காரி இருந்தாங்களாமே, உயிர்ச் சிநேகிதியாம், ராண்டி செத்தப்ப வரவே இல்லையாமே?"

"ஆமா," என்றாள் முரியல். "அது நான்தான்."

முரியல் அடுத்த தட்டைக் கழுவி ஜோலினிடம் நீட்டினாள்.