இடப்பக்கம் திரும்பிய விமானம்

விமானத்தின் முன்கண்ணாடி முழுவதும் எண்ணெய். எஞ்சின் நின்றுவிட்டது. பாரசூட்டில் குதிக்க உயரம் போதாது. போன மாசி மாதம், உக்ரைனில், என் வாழ்க்கை முடிந்தது என்று நான் நினைத்த அந்தக் காலையில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன்.

நான் மன்னாரில் பிறந்து, ஒன்பது வயதில் கனடாவுக்கு வந்து, இங்கே மல்வேர்ன் பகுதியில் வளர்ந்தவன். ஸ்ரௌவ்வில் ஊருக்குப் பக்கத்திலுள்ள சிறிய விமானத்தளம் ஒன்றில் விமானம் ஓட்டப் பழக்குவது என் வேலை. அப்பா புற்றுநோயில் கிடந்தபோது அவருக்காக ஓயாமல் மன்றாடினேன். அவர் போய்விட்டார். அதோடு செபிப்பதை விட்டேன். ஏழு வருடம்.

உக்ரைனில் ஊர்களை அழிக்க வரும் ட்ரோன்களை, சிறிய விமானங்களில் பறந்து சுட்டு விழுத்தத் தொண்டர்கள் தேவை என்று கேள்விப்பட்டேன். புறப்பட்டேன். அம்மா கதவை மறித்து நின்றார்.

"மன்னாரில எங்கட தலைக்கு மேல பிளேன் குண்டு போட்டது போதாதே? நீயும் பிளேனில சண்டைக்குப் போறியே?"

"நான் குண்டு போடப் போகேல்லை அம்மா. வாற குண்டை மறிக்கப் போறன்."

அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை.

அங்கே நான் ஓட்டுவேன். பின் இருக்கையில் ஒலெக்சி என்ற உக்ரைன்காரன் துப்பாக்கியோடு இருப்பான். அவனுக்கு நான்கு மாதப் பெண்குழந்தை. நான் முதலில் சொன்ன அந்தக் காலையில் ஒரு ட்ரோனை மிகக் கிட்டத்தில் வைத்துச் சுட்டான். அது வெடித்துச் சிதற, ஒரு துண்டு எங்கள் எஞ்சினில் பட்டது.

எண்ணெய் படிந்த கண்ணாடியால் ஒன்றும் தெரியாததால், இருக்கைக்கு மேலிருந்த மூடியைத் தள்ளித் திறந்து தலையை வெளியே நீட்டினேன். குளிர்காற்றில் கண் எரிந்தது. மூடுபனிக்குள் வலப்பக்கம் ஒரு பெரிய வெளி மங்கலாகத் தெரிந்தது. அங்கேதான் இறக்க நினைத்தேன். அப்போது என்னையறியாமல் வாய்விட்டு மன்றாடினேன்.

"ஆண்டவரே, உம்மோட கோவத்திலதான் இருந்தனான். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. இவனை இவன்ர பிள்ளையிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்."

ஏனென்று இன்றுவரை தெரியாது, இடப்பக்கம் திருப்பினேன். அங்கே ஒரு குறுகிய வயல். விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு வயிற்றால் உரசிப் போய் நின்றது.

ஒலெக்சியின் நெற்றியில் ஒரு கீறல். எனக்கு அதுவும் இல்லை. மூடுபனி விலகியதும் அவன் என் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். நான் இறங்க நினைத்த வெளியின் குறுக்கே மின்கம்பிகள்!

"ஏன் இந்தப் பக்கம் திருப்பினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"தெரியாது. கடவுளைக் கேட்டேன், திருப்பினேன்" என்றேன்.

பனியிலேயே உட்கார்ந்து இருவரும் அழுதோம். பிறகு ஏனோ சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. அன்று பின்னேரமே அவன் வீட்டுக்குப் போனான். நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, இண்டைக்குச் செபிச்சனான்."

"உனக்கு என்ன நடந்தது? மறைக்காமல் சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "போதும் மகன். இனி வீட்டை வா" என்றார்.

வசந்தகாலத்தில் திரும்பி வந்தேன். இப்போது ஞாயிறு தவறாமல் அம்மாவோடு திருப்பலிக்கு வருகிறேன். அப்பாவுக்காகக் கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதையும் இப்போது ஆண்டவரிடமே கேட்கிறேன். ஆனாலும் நன்றி சொல்லாமல் ஒரு நாளும் படுப்பதில்லை.

உங்களில் யாராவது என்னைப் போல அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தால், மனம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போய்ப் பேசுங்கள். அவர் கேட்பார்.