தாழியைப் பார்வையிட வருகிறோம்

சென்ற வாரம் ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம். இறந்தவர்களைப் பெரிய பானைக்குள் வைத்துப் புதைத்தார்களே, அந்த முதுமக்கள் தாழியைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது, எந்த பஸ்ஸில் போகலாம் என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான ஆசைதான். ஆனாலும் நான்கு நாட்களாக அந்தக் கடிதம் பதில் இல்லாமல் என் மேசையில் கிடக்கிறது. ஏன்?

எனக்கும் அதே ஆசை ஒருமுறை வந்திருக்கிறது...

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பதினோரு ஆண்டுகள் கரும்பலகையில் தாழியின் படம் வரைந்திருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. அப்போதுதான் எங்கள் தையல் ஆசிரியை ஸ்டெல்லா அந்தச் செய்தியோடு வந்தாள். அவளுடைய ஊர் புதுப்பட்டி. அங்கே மாடசாமி என்பவர் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டியபோது, இடுப்பளவு உயரத்தில் ஒரு பானை. அதன் வாயை மூடி ஒரு பலகைக்கல்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லுதாரு. அதுவரைக்கும் குழிய மூடாம வச்சிருப்பாராம்" என்றாள்.

நான் திட்டமிடுவதில் கொஞ்சம் அதிகப்படியானவள். பஸ் நேரம், குடை, பிளாஸ்க், அவர்கள் வீட்டுக்குக் கால் கிலோ பால்கோவா — எல்லாம் குறித்துக்கொண்டேன். இன்னொருவர் நிலத்தில் கால் வைக்கும் முன் முறையாக எழுதிக் கேட்பதுதானே பண்பு? பள்ளியின் கடிதத் தாளில், 'தங்கள் நிலத்திலுள்ள தாழியைப் பார்வையிட வருகிறோம்; அதுவரை அதற்குச் சேதம் நேராமல் பாதுகாக்கவும்' என்று தட்டச்சு செய்து, ஊதா மையில் வட்ட முத்திரையும் குத்தி, செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்த்தேன். மனம் நிறைவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஏட்டி, என்னத்தட்டி எழுதித் தொலச்ச? மாடசாமி அண்ணாச்சி ரெண்டு நாளா சோறு திங்கல!"

"மரியாதையாகத்தானே எழுதினேன்?"

"மரியாதையில இடி விழ! போன வருசம் ரோட்டுக்கு அவரு தம்பி நெலம் போச்சே, அதுக்கும் இப்பிடித்தான் ரவுண்டு சீல் வச்சு ஒரு காயிதம் வந்துச்சு. பானைய ஒடச்சு ஓடையில தட்டிட்டா ஒரு வில்லங்கமும் இருக்காதுன்னு நிக்காரு. நேத்து சாயந்தரம் ஊருக்குப் போயி நான் சொல்லியும் கேக்கல."

உடைத்துவிட்டாரா, இல்லையா? அவளுக்கும் தெரியவில்லை.

அன்று பாடம் நடத்தினேன் என்பதற்கு வருகைப் பதிவேடு மட்டுமே சாட்சி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மழையும் ஏரும் தொடாத ஒன்றை, ஒரு தாள் தொட்டுவிட்டது. என் தாள். அதைவிட, தன் இரண்டு ஏக்கரை நினைத்து உண்ணாமல் கிடக்கும் ஒரு மனிதர். எதற்காக முதலில் வருந்துவது என்றே தெரியவில்லை.

ஞாயிறுவரை பொறுக்கவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே இருவரும் போய் இறங்கினோம்.

வயலில் குழி இல்லை. மண் மட்டமாக இருந்தது. ஒரு தென்னங்கன்று நின்றது, அடியில் ஈரம். மாடசாமியின் மனைவி எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அவிய ஊர்ல இல்ல. பான கீன ஒண்ணும் இங்க கெடையாது."

பம்ப்செட் அறைக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது.

"அண்ணாச்சி, அந்தக் காயிதத்த டீச்சர்கிட்டக் குடுங்க" என்று ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். கதவு சற்று நேரம் கழித்துத்தான் திறந்தது. நான்காக மடித்த என் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவர் கண்ணெதிரிலேயே அதைக் கிழித்தேன்.

"இது பள்ளிக்கூட முத்திரை அண்ணாச்சி. இதை வைத்து ஒரு பிடி மண்ணைக்கூட யாராலும் எடுக்க முடியாது. என் தப்பு... மன்னித்துவிடுங்கள்."

அவர் கிழிந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஒடைக்கல டீச்சர். கடப்பாரைய ஓங்கிட்டேன். கல்லு வெலகிக் கெடந்துச்சா... உள்ள எலும்புக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சட்டி. பெத்தவியளோ கட்டுனவியளோ, யாரோ பசிக்குமேன்னு வச்சிருக்காக. எனக்குக் கை வரல. மூடிட்டேன். கன்னையும் வேரு போயி முட்டாம நாலடி தள்ளித்தான் வச்சிருக்கேன்."

நான் திரும்பி அந்தத் தென்னங்கன்றைப் பார்த்தேன்.

"அவரு செத்து எம்புட்டு வருசம் இருக்கும்?" என்று கேட்டார்.

"இரண்டாயிரத்துக்கும் மேலே."

"அம்புட்டா! என் பட்டாவுக்கு இருவது வருசந்தான் ஆச்சு. அப்பம் நெலம் அவருக்குல்லா சொந்தம்?"

அவர் மனைவி அப்போதுதான் சிரித்தார். பால்கோவாப் பொட்டலத்தையும் அப்போதுதான் வாங்கிக்கொண்டார்.

குழியைத் திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொல்லியல் துறைக்கு எழுதியும் தெரிவிக்கவில்லை. வரலாற்று ஆசிரியை செய்யக்கூடாத தவறுதான். ஆனால் மறுபடியும் ஒரு கடிதம் எழுத எனக்கும் கை வரவில்லை. இன்றுவரை நான் நேரில் ஒரு தாழியைப் பார்த்ததில்லை.

ஆகவே, ராஜபாளையத்து வாசகரே, பிள்ளைகளை ஏதாவது அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள்.

புதுப்பட்டிக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்... ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.