தெயர்ஃபோருக்கு முன் ஒரு கோப்பிக்கொட்டை

காய்ந்த கோப்பிக்கொட்டை ஒன்று கடைவாய்ப் பல்லில் உடையும்போது 'டக்' என்று ஓர் ஓசை வருமே, தர்க்க சாஸ்திரம் முழுவதும் எனக்கு அதற்குள் அடக்கம். அந்த ஓசையை எழுப்பியவர் என் அத்தான், அக்காவின் கணவர். கண்டியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கோப்பி ஸ்டோரில் அவர் தலைமைக் கிளாக்கர். துரையின் இங்கிலீசை வண்டிக்காரருக்கும் அவர்களுடைய தமிழைத் துரைக்கும் எடுத்துச் சொல்வது அவர் வேலையில் பாதி. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்த கையோடு நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

அப்போது எனக்குச் சொற்பித்து. அதிலும், ஒரு வாதத்தை முடித்துவைக்கும் இங்கிலீசுச் சொற்கள் என்றால் உயிர். அன்று பகல் சாப்பாட்டின்போது அத்தானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். 'ஹென்ஸ்' என்றால் ஆதியில் 'இங்கிருந்து'. 'தஸ்' என்றால் 'இவ்விதம்'. 'கான்சிக்வென்ட்லி' லத்தீன் வழி வந்தது, கூடவே பின்தொடர்வது என்று பொருள். 'தெயர்ஃபோர்' என்பது 'அதற்காக'. அப்படியென்றால் அதற்கு முன்னால் ஓர் 'அது' நின்றே ஆகவேண்டும்! நம்முடைய 'ஆகவே' ஆவதிலிருந்து பிறந்தது, 'எனவே' சொல்வதிலிருந்து. இங்கிலீசுக்காரன் இடத்தைக் காட்டி முடிவுக்கு வருகிறான், நாமோ ஆனதையும் சொன்னதையும் வைத்து வருகிறோம் என்று கையை வீசி முழங்கினேன்.

அத்தான் சோற்றைப் பிசைந்தபடி, "ஹென்ஸ் எண்டா இங்கயிருந்தோ? அப்ப நீ ஹென்ஸ் எழும்பிப் போய்த் தராசைத் துடை, தம்பி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அக்குறணை வண்டிக்காரர் ஒருவர், மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோப்பியோடு வந்து சேர்ந்தார். நிறை சரியாக இருந்தது. ஆனால் மூட்டைகள் ஈரம். வழியில் கோப்பியைக் களவாக விற்றுவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து நிறையைச் சரிக்கட்டும் வண்டிக்காரர்கள் இருந்த காலம் அது. துரை மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஈரம். தெயர்ஃபோர், இவன் திருடன்" என்றார். வண்டியையும் மாடுகளையும் பிடித்துவைத்து, ஆளைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார். அப்படி நடந்தால் அதன்பிறகு எந்தத் தோட்டமும் அந்த வண்டிக்காரருக்கு ஒரு மூட்டைகூடக் கொடுக்காது.

"கட்டுகஸ்தோட்டைல மழெ புடிச்சிச்சி ஐயா. அல்லாட காவல், நான் தண்ணி ஊத்தல்ல" என்று வண்டிக்காரர் மாட்டின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அத்தான் துரை சொன்னதைத் தமிழாக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த 'அது' எங்க, தம்பி?" என்றார். பிறகு துரையிடம் அமைதியாக, இங்கிலீசில், "அந்தச் சொல்லுக்கு நாம் இன்னும் போய்ச் சேரவில்லை, சேர்" என்றார். துரையின் முகம் செம்பழமாய்ச் சிவந்தது.

அதற்குள் அத்தான் மூட்டையை அவிழ்த்து, முழங்கை புதையக் கையை விட்டு, நடுவயிற்றிலிருந்து ஒரு பிடி அள்ளியிருந்தார். ஊறவைத்த கொட்டையில் பல் பதியும், காய்ந்தது உடையும். ஒன்றை வாயில் போட்டார். டக். எனக்கொன்று தந்தார். டக். மூன்றாவதைத் துரையிடம் நீட்டினார். துரை அதை முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கடித்தார். டக். மற்ற மூட்டைகளும் அப்படித்தான். நனைந்திருந்தது சாக்கும் மேலாகக் கிடந்த கொட்டைகளும் மட்டுமே. வண்டியின் தென்னோலைக் கிடுகுக்கூரை கிழிந்து தொங்கியதை அப்போதுதான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

"ஸோ..." என்று தொடங்கிய துரை அதற்குமேல் போகவில்லை.

"ஸோ, வண்டியை விடலாம், சேர்" என்று அத்தான் முடித்துவைத்தார். வண்டிக்காரரிடம், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில், "காக்கா, கூரையை முதல்ல கட்டும்" என்றார்.

இப்போது கண்டிக்கு ரயில் வந்துவிட்டது. கொழும்புப் பாதையில் கோப்பி வண்டிகள் குறைந்துவிட்டன. நான் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறேன். அத்தான் இன்று உயிரோடு இல்லை. கனம் பொருந்திய நீதிபதிகள் நாளெல்லாம் 'தெயர்ஃபோர்' என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் நாக்கு ஒரு கணம் நிற்கிறது, கடைவாய்ப் பல்லில் அந்த 'டக்' கேட்கட்டும் என்று.