கோர்ட்டுக் கடிதமும் ஒரு பை வடையும்

நாங்கள் வந்து சேர்ந்த இந்த நாட்டில் மருந்துக்கடைக்காரர் முதலில் பிள்ளையைப் பார்க்கமாட்டினம், கொம்பனி கார்டைத்தான் பார்ப்பினம். டாக்டரிடம் போகக் காசு தேவையில்லை. மருந்துக்கும் பல்லுக்கும் கண்ணாடிக்கும் வேலை செய்யிற இடம் தருகிற காப்புறுதி, அந்த இன்சூரன்ஸ் கார்ட், வேணும். என் தம்பியின் மகள் துளசிக்கு ஏழு வயது, முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். போன மாரியில் அவளின் கார்ட் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பியும் பெண்சாதி நிர்மலாவும் பிரிந்துவிட்டார்கள். அவள் பிள்ளையோடு மில்லிக்கனில், நான் தம்பியோடு ரெக்ஸ்டேலில். கோபத்தில் அவன் பிள்ளையின் பெயரைக் காப்புறுதியிலிருந்து வெட்டச் சொல்லிவிட்டான். வெட்டக்கூடாது என்று கோர்ட் கட்டளை போட்டது. அந்தக் கடிதத்தை நிர்மலா என் கையில் தந்தாள். "மச்சாள், அவரின்ரை கொம்பனிக்கு நீங்கள் போய்ச் சொன்னால் கேட்பினம்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் பெரிய ஆட்களோடு கதைக்கத் தெரியும். ஊரில் ஐயாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்டும், தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டும் வாசல்களில் நின்றவள் நான்தான். வெறுங்கையோடு போகிற வழக்கமில்லை. வடை சுட்டு, நல்ல சேலை உடுத்து, அதன்மேல் குளிர்க் கோட்டும் போட்டு, பஸ் மாறி மாறி மிசிசாகாவில் தம்பியின் கொம்பனிக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பிக்குப் பின்னேர வேலை, அவன் வீட்டில் நித்திரை.

ஒஃபிஸில் இருந்த வெள்ளைக்காரப் பெண், பொதி கட்டுகிற தமிழ்ப் பிள்ளை ஒருத்தியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டாள். தம்பி நல்லவன், முற்கோபி, பிள்ளை இரவெல்லாம் மூச்சு இழுக்கிறாள் என்று நான் ஆறுதலாகத் தொடங்கினேன்.

"அன்ரி, உதெல்லாம் சொல்லத் தேவையில்லையாம். கட்டளை இருக்கு. பேரைத் திரும்பப் போடுறது தங்கட கடமையாம்."

"தம்பி வேண்டாம் எண்டால்?"

"அவர் சொன்னாலும் பேரை எடுக்கேலாதாம்."

"அவன் என்ன சொன்னவன் எண்டு கேள், பிள்ளை."

"அது அவரின்ரை சொந்த விசயமாம். சொல்லமாட்டாவாம்."

"நான் அவனை வளர்த்த அக்கா!"

"அக்காவுக்கும் இல்லையாம், அன்ரி."

வடைப் பையை அந்தப் பெண் ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள், சிரித்துக்கொண்டே.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். கெஞ்சாமல் ஒரு காரியம் நடந்தது என் சீவியத்தில் அதுதான் முதல். துளசியை ஒருநாளும் காணாத கொம்பனிக்கு அவள்மேல் கடமை இருக்கிறது. தூக்கி வளர்த்தவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்க எனக்கு உரிமையில்லை. பெருமைப்படுவதா, கோபிப்பதா?

சனிக்கிழமை பின்னேரம் ரீவி பார்த்தபடி தம்பி கேட்டான். "அக்கா, என்ரை கொம்பனிக்கே போனனீங்களாம்? வடையோடை?"

"ஓம், போனனான்."

"நீங்கள் ஆரின்ரை ஆள்? என்ரையோ, அவளின்ரையோ?"

அந்த நேரம் போன் அடித்தது. துளசி. "மாமி, மருந்துக்கடையிலை மருந்து தந்திட்டினம்!" ஓடிவந்து பேசுகிறாள், மூச்சு இழுக்கவில்லை. கம்பி எட்டின மட்டும் ரிசீவரைத் தம்பியின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் எழும்பி வரவில்லை. ரீவியின் சத்தத்தை மட்டும் குறைத்தான்.