கடைக்காரர் நிரப்பித் தந்த சீடி

பைலாப் பாட்டு என்றால் எனக்கு அருவருப்பு. கலியாண மண்டபத்தில் பெரியப்பாமார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினால், சாப்பிட்டது தொண்டைவரை வந்து நிற்கும். திருகோணமலையில் பிறந்தவன் இப்படிச் சொல்லக்கூடாதாம். சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

என்னோடு ட்ரம்ஸ் அடித்த நண்பன் அந்தப் பைலாவுக்குத்தான் போனான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாங்கள் இருவரும் பங்க், ஸ்கா என்று வெளிநாட்டுப் பாட்டுகளில் வெறி பிடித்துத் திரிந்தவர்கள். கலியாணம் கட்டியதும் அவன் கலியாண வீடுகளுக்கு வாசிக்கும் கூட்டத்தில் சேர்ந்தான். ஒருநாள் அவன் வீட்டிலேயே, அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது, “நீ அடிக்கிறதைக் கேட்டா எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது” என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு வருடம் எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வராத பிறவி நான். அவன் பகலில் நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு வான் ஓட்டுகிறான் என்றும், அந்தப் பழைய வானில் சீடி மட்டும்தான் பாடும் என்றும் கேள்விப்பட்டேன். எங்கள் பழைய பாட்டுகளைப் போட்டு ஒரு சீடி செய்து கொடுத்தால், நான் மன்னிப்புக் கேட்பது அவனுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை இருந்து இருபத்தேழு பாட்டுத் தெரிந்தெடுத்தேன். இரண்டு பங்க் ஓடினால் மூச்சு விட ஒரு ஸ்கா. பங்க் பாட்டுகளில் பாதி இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் பட்டென்று நிறுத்துவார்கள், அதுதான் அழகு.

என் கொம்பியூட்டரில் சீடி போட இடமில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கீபோர்ட் முழுக்கக் கடைக்காரர் தின்ற பற்றிஸின் எண்ணெய். கடைக்காரர் புதுச் சீடியை எடுத்துத் தன் சேட்டின் வயிற்றுப் பக்கத்தில் துடைத்தார். வேர்வையும் பழைய எண்ணெயும் சேர்ந்த அந்த நாற்றத்தில் நிற்க ஏலாமல், பின்னேரம் வருகிறேன் என்று ஓடிவிட்டேன்.

பின்னேரம் அவர் பெருமையாகச் சொன்னார்: “முழுசா இறங்காத பாட்டுகள் கனக்கக் கிடந்தது தம்பி. எல்லாம் சரிபண்ணிப் போட்டிருக்கிறன். வெறும் இடம் விட்டுக் குடுத்தா எங்கட சனம் ஏசும்.” மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் என்னத்தைக் கேட்பது? தலையை ஆட்டினேன். போட்டுப் பார்க்கவுமில்லை. சீடியில் ‘உனக்கு’ என்று எழுதி ஹோட்டல் காவலாளியிடம் என் பெயரைச் சொல்லி, நண்பனுக்கென்று கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் நண்பன் அழைத்தான். கடற்கரையோரம் வானை நிறுத்தியிருந்தான். ஏறினேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஸ்கா, நான் போட்டதுதான். அது முடிந்ததும் பைலா. அடுத்ததும் பைலா. கடைக்காரர் சரிபண்ணியது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு நிமிடப் பாட்டுகளை அரைகுறை என்று எறிந்துவிட்டு, ஊருக்குப் பிடித்ததை நிரப்பித் தந்திருக்கிறார்.

நண்பன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்ர மனிசியைக் கூப்பிட்டுக் கேக்க வைச்சனான் மச்சான். பார், அவன் தன்ர பாட்டோட என்ர பாட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறான் எண்டு சொன்னனான். அவள் அழுதிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சாப்பிட வரச் சொன்னவள்.”

‘ஓம், நான் போட்டதுதான்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தப் பைலாச் சத்தத்தை நானே ஆசைப்பட்டுத் தெரிந்தெடுத்தேன் என்று ஒருவன் நம்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

“சீ, இந்தக் குப்பையை நான் போடேல்லை. கடைக்காரன் போட்டவன்.”

அவன் கை நின்றது. “ஒண்டும் நீ போடேல்லையா?”

“பைலா ஒண்டும் போடேல்லை.”

பாட்டை அவன் நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தான். “இதை அவளிட்டச் சொல்லிப்போடாத. நீ போட்டதெண்டே இருக்கட்டும்” என்றான்.

ஹோட்டலுக்கு ஆள் ஏற்ற நேரமாகிவிட்டது என்றான். இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை.