நான் தண்ணீர் விடாத கல்

அதியமான்கோட்டைப் பக்கம் புதிதாகச் சாம்பல் கல் பட்டறை வந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் செங்கல் சூளையில் மண் கல் அறுத்தவள் நான். சூளையை மூடிவிட்டார்கள். நடந்து போய்வரும் தூரத்தில் வேறு வேலை கிடையாது.

நிலக்கரி எரித்துக் கரண்டு எடுக்கிற இடத்திலிருந்து சாம்பலை லாரியில் கொண்டுவருவார்கள். மாவைவிட நைஸாக இருக்கும். அதோடு கிரஷர் தூளும் சிமெண்டும் சேர்த்து மிஷினில் அமுக்கினால் கல். நெருப்பே கிடையாது. சாயங்காலம் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும். எனக்கு மட்டும் வித்தியாசம் தெரியாது.

முதல் வாரமே முதலாளி ஒரு கல் அடுக்கைக் காட்டி, நாளையிலிருந்து மூன்று வேளை இதற்குத் தண்ணீர் விடுவது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அரூருக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சூளையில் புதிதாக வருகிறவர்களை இதைச் சொல்லித்தான் ஏமாற்றுவோம். சுடாத பச்சைக் கல்லில் ஒரு குடம் தண்ணீர் விட்டால் திரும்பவும் சேறுதான். ஒருத்தி நம்பி ஊற்றியே விட்டாள். அந்த வருஷம் முழுக்க அவளைச் சொல்லிச் சிரித்தோம். என்னிடமே இந்த வேலையா என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம். புது ஆட்களிடம் வாய் திறக்கக் கூச்சம். மூன்று நாள் ஹோஸைத் தொடவில்லை. மேகம் கூடியபோது தார்ப்பாய் போட்டு மூடியும் வைத்தேன்.

முதலாளி திரும்பி வந்து ஒரு கல்லை எடுத்தார். ஓரம் கையோடு உதிர்ந்தது.

"ஏன் ஆயா, தண்ணி வுடலீங்களா?"

எல்லாரும் பார்த்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "வெளையாட்டுக்குச் சொன்னீங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்றேன்.

மிஷின் ஓட்டுகிற பெண் சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. இது தண்ணீர் குடித்தால்தான் இறுகும் என்றார். இன்னும் ஒரு வாரம் ஊற்றுங்கள், தேறவில்லையென்றால் நீங்கள் வரவேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்று வேளைக்கு ஐந்து வேளை ஊற்றினேன். அந்த வாரம் என் புடவை காயவே இல்லை.

"போதும் ஆயா, கல்லுக்குச் சளி புடிச்சுக்கும்" என்றாள் மிஷின் பெண்.

எட்டாம் நாள் முதலாளி இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். டங்கென்று கேட்டது. மேல் வரிசைதான் உதிரல், பாக்கியெல்லாம் தேறிவிட்டது. அவர் ஹோஸை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதும் மேகம் கறுத்தால் போதும், "தார்ப்பாய் எடுத்தாரட்டுங்களா ஆயா?" என்று அந்தப் பெண் கேட்பாள். நான் ஹோஸை அவள் பக்கம் திருப்பிவிடுவேன்.